யாங் என்றால் வளர்ப்பது

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் மதிலை ஒட்டி, வேப்பமர நிழலில் மேசை போட்டு முப்பத்தோரு வருஷமாக மனு எழுதுகிறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், குழாயில் தண்ணீர் வரவில்லை, அண்ணன் வேலியை நகர்த்திவிட்டான் என்று எல்லா வயிற்றெரிச்சலும் என் பேனா வழியாகத்தான் உள்ளே போகும். என் பெயர் நேசையா. கையெழுத்து அழகு என்பார்கள், முன்கோபி என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

மனுவுக்குள் மனுஷன் அடங்க மாட்டான். ‘மேற்படி நபர்’, ‘மேற்படி தேதி’ என்று எழுதி முடிக்கும்போது ஆளைக் காணோம் என்றாகிவிடும். பேச்சிராஜின் மனுவும் அப்படித்தான் ஆயிற்று. மூன்று பக்கம் எழுதினேன், அவன் அதில் பாதிகூட இல்லை. மீதியை அவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

அவனுக்கு இருபத்தொன்பது வயது. சொந்த ஊர் ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையும் உடைமரமும் தவிர வேறு எதையும் பார்க்க முடியாத ஒரு சின்ன ஊர். அம்மா சுடலைவடிவு ஆடு வளர்த்துத்தான் மகனைப் பாலிடெக்னிக் வரைக்கும் படிக்க வைத்தாள். இப்போது அவனுக்குப் பாளையங்கோட்டையில் தண்ணீர்க் கேன் போடுகிற வேலை. ஊருக்கு நடுவே தாமிரபரணி ஓடுகிறது, நாம் அதையே கேனில் அடைத்துக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறோம். இந்தக் கூத்தில் அவனுக்கு ஒரு லோடு ஆட்டோவும் எழுபது வீட்டு வாடிக்கையும் கிடைத்தன. மனைவி முத்துராணி ஐந்து மாதக் கர்ப்பிணி.

அவனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான் என்றார்கள். அது குணமில்லை, பயம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவன் வண்டியை ஓரங்கட்டி, மணி அடித்து ஓயும் வரை கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால் முதலில் பின்வாசல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பான். முத்துராணி அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். “பாவம், அங்க அவ்வளவு கஷ்டப்பட்டிருக்காவ” என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

அங்கே என்றால், தாய்லாந்து எல்லையைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், மியான்மரில். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி ஒரு ஏஜெண்ட் அவனை விமானம் ஏற்றினான். இறங்கிய இடத்திலிருந்து எட்டு மணி நேரம் காரில் கொண்டுபோனார்கள். அப்புறம் ஒரு படகு, அப்புறம் முள்கம்பி போட்ட மதில். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதினோரு மாதம் கழித்துப் பட்டாளம் வந்து அந்த இடத்தைத் திறந்துவிட்டபோது, அரசாங்க விமானத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு அவனும் ஊர் வந்தான். விசாரித்த அதிகாரிகளிடம், சமையல்கட்டில் பாத்திரம் கழுவினேன் என்று எழுதிக் கொடுத்தான். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதையே சொன்னான். முத்துராணி அந்தப் பாத்திரம் கழுவினவனுக்காக இரக்கப்பட்டுத்தான் சரி என்றாள்.

அவன் ஒரு பாத்திரமும் கழுவவில்லை.

போன முதல் நாள் அவனை ஒரு பெரிய கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், நான்கு போன். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் இரண்டு பத்தி. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சீன எழுத்து, அதற்குக் கீழே வரிசையாக எண்கள். கூடத்தின் மேஸ்திரி லியூ என்கிற சீனாக்காரன், நாற்பது வயதிருக்கும். தமிழ் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. போனில் மொழிபெயர்ப்பு ஆப் ஒன்றை வைத்துக்கொண்டு பேசுவான். முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டி ‘யாங்’ என்றான். ஒரே இழுப்பாக இல்லை, குரல் கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். பேச்சிராஜையும் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தான். பிறகு ஆப்பில் எதையோ பேசினான். அது ஒரு பெண் குரலில் தமிழில், “பன்றியை வளர்க்கவும்” என்றது.

பேச்சிராஜுக்கு உயிர் வந்தது. நம்மைப் பன்றிப் பண்ணையில் போடப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஆடு வளர்த்த கைக்குப் பன்றி பெரிய காரியமா என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டான். என்னிடம் இதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மறுநாள் லியூ விளக்கினான். பன்றி என்பது போனின் அந்தப் பக்கம் இருக்கிற மனுஷர். தனியாக இருப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். காலையில் வணக்கம், மதியம் சாப்பிட்டீர்களா, சாயங்காலம் களைப்பா என்று கேட்டு, நாளுக்கு நாள் அன்பைத் தீனியாகப் போட வேண்டும். அதுதான் யாங். கொழுத்ததும், நம்மிடம் உள்ள ஒரு ஆப்பில் பணம் போடச் சொல்ல வேண்டும். அப்போது அந்த எண் இரண்டாவது பத்திக்குப் போகும். இரண்டாவது எழுத்தின் பெயர் ‘ஷா’. அதற்கு லியூ ஆப்பைத் தேடவில்லை. கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினான்.

பேச்சிராஜ் முடியாது என்றான். மூன்று நாள் கரண்ட் கம்பால் அடித்தார்கள். ஊரில் அவன் அம்மா ரேஷன் கார்டோடு வாசலில் நிற்கிற படம் ஒன்று அவன் போனில் இருந்தது. அதை எடுத்துத் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டு, “வீடு தெரியும்” என்று ஆப்பைச் சொல்ல வைத்தார்கள். நான்காம் நாள் அவன் தட்டச்சுப் பலகை முன்னால் உட்கார்ந்தான்.

லியூ கெட்டவன்போல நடந்துகொண்டிருந்தால் பயம் அந்த மட்டோடு நின்றிருக்கும் என்றான் பேச்சிராஜ். ஒரு நாள் ஓய்வாக இருந்தபோது லியூ அந்த எழுத்தைப் பழைய முறையில் ஒரு தாளில் பெரிதாக வரைந்து காட்டினான். மேலே ஆட்டின் தலை, கொம்போடு. கீழே சோறு. ஆட்டுக்குச் சோறு போடுவதுதான் வளர்ப்பது. பிறகு தன் மகளின் படத்தைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, ‘யாங்’ என்றான். பேச்சிராஜின் அம்மா ரேஷன் கார்டோடு நிற்கிற படத்தைக் காட்டியும் அதையே சொன்னான். மகளை வளர்ப்பதற்கும் தாயைக் காப்பாற்றுவதற்கும் அந்தப் பலகையில் இருக்கிற எண்களுக்கும் அவன் ஒரே முகத்தோடு அந்தச் சொல்லைச் சொன்னான். அதைப் பார்த்தபோதுதான் தனக்குப் பெரிய பயம் வந்தது என்றான் பேச்சிராஜ்.

ஏனென்றால் அவனுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. அவன் வீட்டில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டுவதற்கென்று நேர்ந்துவிட்ட கிடா எப்போதும் ஒன்று இருக்கும். அதற்குப் பேர் வைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. காலையில் வீட்டார் வாயில் கஞ்சி படுமுன் அதற்கு ஒரு கை வைக்க வேண்டும். அரைமனசாக வளர்த்த கிடாவைச் சாமி வாங்காது என்பாள் சுடலைவடிவு. ஆகவே அந்தப் பாசத்தில் பொய் கிடையாது. கொடை நாளில் அதற்குக் கஞ்சி வைத்த பேச்சிராஜ்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மனசார வளர்த்து, கொண்டுபோய் நிறுத்துகிற பழக்கம் தன் கைக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். மற்றவர்கள் பயத்தில் எழுதினார்கள், அதில் உயிர் இல்லை. இவன் நன்றாக எழுதினான்.

எனக்கு அந்த இடத்தில்தான் கோபம் வந்தது. பேனாவை மேசையில் போட்டுவிட்டு, “எந்திச்சுப் போலே” என்று சொல்லிவிட்டேன். போன வருஷம் மட்டும் இப்படி ஏமாந்த மூன்று பேருக்கு நான் புகார் எழுதியிருக்கிறேன். அதில் ஒருவர் சங்கரன்கோவில் பக்கத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எழுதி முடித்ததும் என் மேசையில் தலையை வைத்துச் சத்தமில்லாமல் அழுதார். பேச்சிராஜ் எழுந்திருக்கவில்லை. “எழுதி முடிச்சிட்டுத் திட்டுங்க அண்ணாச்சி” என்றான். அவனோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெபோரா டீச்சரும், “எழுதுங்க சார், நானே உக்காந்திருக்கேன்லா” என்றார்கள். மறுபடி பேனாவை எடுத்தேன்.

அந்த டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருகன்குறிச்சியில் தனியாக இருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு கேன். திங்கள்கிழமை காலையில் பேச்சிராஜ் கேனை அடுக்களையில் இறக்கி வைத்தபோது, டீச்சர் போனை நீட்டினார்கள்.

“தம்பி, இந்த ஆப் இறங்க மாட்டேங்கு. உனக்கு போன்லாம் தெரியும்லா, கொஞ்சம் பாரேன்.”

அவன் வாங்கிப் பார்த்தான். சாமுவேல் ராபின்சன் என்று ஒரு பெயர், கப்பலில் இன்ஜினியர், மனைவியை இழந்தவர். அந்த ஆளோடு டீச்சர் பேசிக்கொண்டிருந்த பக்கம் திறந்திருந்தது. கடைசியாக வந்திருந்த செய்தி இது: ‘எங்க அம்மா உடன்குடிக் கருப்பட்டி போட்டு, சுக்குத் தட்டிப் போட்டு காப்பி தருவா. அவ போனதுக்கு அப்புறம் என்னைச் சாப்பிட்டியான்னு கேக்க ஆளில்ல.’

அது பேச்சிராஜ் எழுதிய வரி.

அங்கே நன்றாக வேலை செய்த வரிகளை எல்லாம் ஒரு பொதுக் கோப்பில் போட்டு வைப்பார்கள். மற்றவர்கள் அதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். இந்த வரியை அவன் முதலில் எழுதியது பினாங்கில் தையல்கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்கு. பெற்ற அம்மா உயிரோடு இருக்கும்போதே அவளைச் சாகடித்து எழுதிய வரி என்பதால் அன்றைக்கு இரண்டு தடவை அழித்துவிட்டுத்தான் எழுதினான். நாற்பத்தொரு நாள் அந்த அம்மாவை வளர்த்தான். எல்லாப் பணத்தையும் அனுப்பி முடித்த அன்றைக்கு, அது போய்விட்டது என்று இன்னும் தெரியாமல், “நீ சாப்பிட்டியா ஐயா?” என்று அவர்கள் எழுதினார்கள். கூடத்தில் மணி அடித்தார்கள், எண்ணை அடுத்த பத்திக்கு மாற்றினார்கள், அவனுக்கு வாத்துக் கறி கொடுத்தார்கள். பசியில் அதைச் சாப்பிட்டேன் என்றான்.

பூட்டி விட்டார்கள், எல்லாரையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்த இடம் வேறெங்கோ திறந்திருக்கிறது, அவன் எழுதிய வரி அவனுக்கு முன்னால் பாளையங்கோட்டைக்கு வந்து நிற்கிறது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டான். டீச்சர், “என்னப்பா, வெயிலா?” என்று தண்ணீர் கொடுத்தார்கள். போனில் இடம் இல்லை, புதன்கிழமை வந்து சரி பண்ணித் தருகிறேன், அதுவரைக்கும் வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். மீதிக் கேன்களைப் போடாமல் வண்ணார்பேட்டைப் பாலத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான்.

கோப்பில் நாளும் மணியும் போட்டு வரிசையாக இருக்கும் என்பதால், அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். கருப்பட்டிக் காப்பிக்கு இரண்டாம் நாள், அம்மாவின் நினைவு நாள். ஒரு படம், அதற்குக் கீழே அழுகை. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அதற்கு மறுநாள்தான் அறுப்பு. ஆகவே வியாழக்கிழமை டீச்சர் கையில் ஒன்றும் மிஞ்சாது. சொன்னால் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் பாத்திரம் கழுவினவன் செத்துப் போவான். அதிகாரிகளிடம் பொய் எழுதிக் கொடுத்தது வெளியே வரும். ஜெயில் வரும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், முத்துராணிக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவனைப் பிடித்து நிறுத்தியது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேறு வழி தேடினான். ‘அந்த ஆளை நம்பாதீங்க’ என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி, கேன் மூடியில் ஒட்டி அனுப்பலாம் என்று நினைத்தான். டீச்சருக்கு அந்த ஆள்தான் பெரிது, சீட்டைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள் என்று அவனுக்கே தெரிந்தது. சைபர் குற்றத்துக்கான எண்ணுக்குப் போன் போட்டான். “உங்க பேரு சொல்லுங்க சார்” என்றதும் வைத்துவிட்டான். வைத்த பிறகு, அந்த எண்ணிலிருந்து திரும்பக் கூப்பிடுவார்களோ என்று போனை அணைத்துவிட்டான். சாயங்காலம் முத்துராணி இட்லியும் எள்ளுப்பொடியும் வைத்தாள். இறங்கவில்லை.

“என்ன செய்யுது?” என்றாள்.

“பித்தம்.”

“ரெண்டு நாளா வண்டியிலயே இருக்கீங்க. பைய ஓட்டுங்க, வேலை ஓடியா போயிரும்” என்று இஞ்சி தட்டினாள். அவள் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இவளிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அடுக்களை வாசல்வரை போய்த் திரும்பினான்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனான். போனை வாங்கவில்லை. நின்றபடியே சொன்னான்.

“டீச்சர், அந்த ஆள் கப்பல்ல இல்ல. அப்படி ஒரு ஆளே இல்ல. இன்னைக்கு அவரு அம்மாவுக்கு நினைவு நாள்னு சொல்லுவாரு. ஒரு படம் வரும், கிண்ணத்துல கஞ்சி, பக்கத்துல ஒரு மெழுகுவர்த்தி. பத்தரை மணிக்குள்ள வரும்.”

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. “என் போனை எதுக்குப் படிச்ச? கேன் போட வந்தா கேனைப் போடு” என்றார்கள். கணக்கில் தப்புச் செய்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவன் போகவில்லை. உட்காரவும் இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். செய்தி வந்துவிடக் கூடாது, நான் சொன்னது பொய்யாகப் போகட்டும் என்று சுடலையை வேண்டிக்கொண்டேன் அண்ணாச்சி என்றான். அப்படிப் பொய்யாகியிருந்தால் அவன் கேனைப் போட்டுவிட்டு முத்துராணியிடம் போயிருப்பான்.

பத்து இருபதுக்குப் போன் அதிர்ந்தது. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். கஞ்சிக் கிண்ணம், மெழுகுவர்த்தி.

அவர்கள் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு பணத்தைப் பற்றிக் கேட்காமல், ஆப்பைப் பற்றிக் கேட்காமல், “இருபத்தாறு நாளா எங்கிட்ட பேசினதுல ஒரு வார்த்தையாவது நெசமா இருக்குமா?” என்று கேட்டார்கள்.

பேச்சிராஜுக்கு இங்கேயும் பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. தெரியாது என்றால் முடிந்தது, இவ்வளவும் பேப்பரில் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவனுக்குப் பினாங்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

“கருப்பட்டிக் காப்பி நெசம் டீச்சர். அது எங்க அம்மா போடுத காப்பி. அதை எழுதினது நான்.”

டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, அவனுக்கும் தனக்கும் நடுவே மேசை இருக்கும்படி போய் நின்றார்கள். பயந்துவிட்டார்கள். வாரம் இரண்டு தடவை அடுக்களை வரை வந்து போகிறவன் ஆயிற்றே. அந்தப் பயத்தைப் பார்த்ததும் பேச்சிராஜ் வாசலுக்கு வெளியே இறங்கி, செருப்பு கழற்றுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து, அங்கிருந்தே எல்லாவற்றையும் சொன்னான். ஏஜெண்ட், படகு, லியூ, ஆட்டுத் தலை போட்ட எழுத்து, வாத்துக் கறி.

“இதெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லுத?” என்றார்கள் டீச்சர் கடைசியில்.

“பயமா இருக்கு டீச்சர்.”

“எனக்காகவா, உனக்காகவா?”

“ரெண்டுக்கும்தான்.”

அந்தப் பதிலைத்தான் அவர்கள் நம்பினார்களாம். என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். புடவை மாற்றிக்கொண்டு வந்து, “கொக்கிரகுளத்துக்கு வண்டியை விடு” என்று கேன் வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்படித்தான் இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள்.

எழுதி முடிக்கும்போது மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போடும்போது பேச்சிராஜ் நிறுத்திவிட்டான். “நாளைக்குக் காலையில குடுப்போம் அண்ணாச்சி. ஸ்டேஷன்ல இருந்து யாராவது வீட்டுக்குப் போய் அவகிட்ட சொல்லுததுக்கு முன்னால நான் சொல்லிரணும்” என்றான். ஓடிவிடுவான் என்று நான் நினைத்தேன். டீச்சர் நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் ராபின்சன் மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்காமல் போனை என் வகுப்புக் கடைசி பெஞ்சுப் பையன்போல வாயை மூடி உட்கார வைத்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னார்கள். சிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கண் வீங்கியிருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் அவன் வந்துவிட்டான். சட்டை கசங்கியிருந்தது, முகம் கழுவியிருந்தான். கையெழுத்துப் போட்டான். இருவரும் மனுவோடு சைபர் போலீஸ் ஆபீஸுக்குள் போனார்கள். மூன்று மணி நேரம் விசாரித்தார்களாம். டீச்சருடைய போனைப் போலீஸ்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முன்னால் கொடுத்த வாக்குமூலம் பொய் என்பதால் அவன்மேல் என்ன செய்வது என்று மேலிடத்தில் கேட்க வேண்டும், அதுவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது, திங்கள்கிழமை திரும்ப வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். போகுமுன் அவனிடம், “சனிக்கிழமை கேன் வேணும்” என்றார்கள். அவன் தலையாட்டினான்.

அப்புறம் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தான். போலீஸ் அடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். அது ஆறி ஆடை கட்டுகிறவரை கையில் வைத்திருந்தான்.

“வீட்ல சொன்னியாலே?”

“சொல்லிட்டேன்.”

முந்தின நாள் சாயங்காலம் விளக்கு வைத்ததும் முத்துராணியை உட்கார வைத்து, முதலில் இருந்து கடைசி வரை சொல்லியிருக்கிறான். அவள் அழவில்லை. ஜெயிலா என்று கேட்கவில்லை. பினாங்கு அம்மா வரும்போது மட்டும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நிச்சயம் முடிஞ்சு நாலு மாசம் தெனம் எங்கிட்ட போன்ல பேசினீங்கல்லா. காலையில எந்திச்சியா, மத்தியானம் சாப்பிட்டியா, அலுப்பா இருக்கான்னு. நானும் இப்படி ஒரு மனுசனான்னு எங்க வீட்ல எல்லார்ட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதெல்லாம் நீங்க பேசினதா, அங்கன படிச்சதா?”

நான் பேசினதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தான். ‘உங்கிட்ட மட்டும்தான் நான் நானா இருக்கேன்’ என்பது முதலில் வந்தது. அது கோப்பில் இருக்கிற வரி. ‘நீ இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே இல்ல.’ அதுவும் இருக்கிறது. ‘என்னை நம்பு.’ அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. மனசுக்குள் தேடத் தேட, வருகிறது எல்லாம் யாருக்கோ ஏற்கெனவே தட்டிக் கொடுத்ததாக இருந்தது. உள்ளே இருந்தது உண்மைதான் என்றான் என்னிடம், ஆனால் அதைச் சொல்ல ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு எழுந்து போய்ச் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடுங்கள் என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். காலையில் அவன் கிளம்பும்போதும் பதிலுக்காக வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நீங்கதான் ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கீங்கள்ல” என்றான். “அவளுக்குச் சொல்ல ஒரு பதில் எழுதித் தாங்க. ரெண்டு வரி போதும்.”

முப்பத்தோரு வருஷத்தில் எழுதித் தா என்று கேட்டவரை நான் திருப்பி அனுப்பியதில்லை. தாளைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு அதை வைத்துவிட்டு, “நான் எழுதிக் குடுத்தா அதுவும் இன்னொருத்தன் எழுதிக் குடுத்ததுதானேலே” என்றேன். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. சரி என்றான். போலீஸுக்குள் தானாக நடந்து போய் வந்தவன், வெயில் தாழ்ந்து நான் மேசையை மடக்குகிறவரைக்கும் வீட்டுக்குப் போகப் பயந்து அங்கேயே உட்கார்ந்திருந்தான்.